தேரிக்காட்டுப் பனைகளும் எம் பாட்டனாரும்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே உவரியை நோக்கிச் செல்லும் சாலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழியே பயணம் செய்வோர் இருவகைக் கடல்களைக் காணலாம். இடப்புறம் இருப்பது மன்னார் வளைகுடாவின் நீலக் கடல். வலப்புறம், சற்று உள்ளே தள்ளி, அலை அலையாகப் படிந்து கிடப்பது செம்மணல் கடல். அதனையே நம் மக்கள் ‘தேரி’ என்று அழைக்கின்றனர். குதிரைமொழித் தேரி, குட்டம் தேரி என ஊர்ப் பெயரோடு அவை வழங்குகின்றன. இரும்புச் சத்து ஏறிச் சிவந்த அந்த மணலை மேல்காற்று வாரி இறைத்து மேடுகளாகக் குவிக்கிறது. மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், அக்காற்று மழையின்றி வெறுங்காற்றாகவே இங்கு வந்து சேருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்கு மழை ஒன்றே இந்நிலத்தின் நம்பிக்கை.

இத்தகைய நிலத்தில் நெல் விளையாது, வாழை நிற்காது. பனை நிற்கும். உடைமரமும் முந்திரியும் அதற்குத் துணை நிற்கும். ஆகவேதான் இப்பகுதியில் வாழ்ந்த நம் முன்னோர்களின் உணவும், உறைவிடமும், கல்வியும், வழிபாடும் பனையைச் சுற்றியே அமைந்தன. அவர்களுள் ஒருவர் எம் பாட்டனார். அவர் பெயர் எந்த நூலிலும் இடம்பெறவில்லை. எங்கள் சிற்றூரின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும், திருமணப் பதிவேட்டிலும், அடக்கப் பதிவேட்டிலும் மட்டுமே அது எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அவரை அறியாமல் இத்தேரிக்காட்டை அறிந்துகொள்ள இயலாது என்பது எமது எண்ணம்.

இக்கடற்கரையின் விசுவாச வரலாறு வாசகர்கள் நன்கு அறிந்ததே. 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் இக்கரையில் வந்து இறங்கினார். மணப்பாட்டுக் கடலோரக் குன்றில் அவர் தங்கிச் செபித்த குகையை இன்றும் காணலாம். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் பாய்மரத்தால் செய்யப்பட்ட சிலுவை அக்குன்றில் முதன்முதல் நடப்பட்டது என்பது வழிவழியாகக் கூறப்படும் மரபு. அங்குள்ள திருச்சிலுவை ஆலயம் 1581ஆம் ஆண்டில் எழுந்தது. 1578ஆம் ஆண்டில் அண்ட்ரிக்கே அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் செபநூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். அதன் பின்னரும் நெடுங்காலம் நம் நாட்டில் எழுத்தைச் சுமந்தது பனையோலையே. கரையில் வாழ்ந்தோர் வலையைக் கொண்டும், உள்நாட்டில் வாழ்ந்தோர் பனையைக் கொண்டும் பிழைத்தனர். இவ்விரு மக்களுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல் சுவையானது. கடற்கரையிலிருந்து கருவாடும், பதநீர்க் கலயத்திற்கு வேண்டிய சிப்பிச் சுண்ணாம்பும் உள்நாட்டிற்கு வரும். உள்நாட்டிலிருந்து கருப்பட்டியும், ஓலைப்பெட்டியும், நார்க்கயிறும் கடற்கரைக்குப் போகும். எம் பாட்டனார் செப்டம்பர் 14ஆம் நாள் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருநாளுக்கு ஆண்டு தவறாமல் நடந்தே செல்வார். செல்லும்போது தலையில் கருப்பட்டிப் பெட்டி இருக்கும். திரும்பும்போது கருவாட்டுப் பெட்டி இருக்கும்.

பனைத்தொழில் எத்தகையது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. தை, மாசியில் பனை பாளை விடத் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்றும் பதநீர் பெருகும் மாதங்கள். ஆடியில் அது குறைந்துவிடும். பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, பின்னர் நாள்தோறும் அதன் நுனியை மெல்லிய இதழ் போலச் சீவி வர வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டாலும் நுனி காய்ந்து ஊற்று அடைபட்டுப் போகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அது புளித்துக் கள்ளாகும். இந்த ஒரு விரற்கடைச் சுண்ணாம்பைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

எம் பாட்டனார் நாளொன்றுக்கு 40 மரங்கள் ஏறுவார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மரம் சராசரியாக 50 அடி உயரம் என்று கொண்டாலும், ஒரு நாளில் அவர் ஏறியது 4000 அடி, இறங்கியதும் அவ்வளவே. கொடைக்கானல் மலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரமுடையது. இரண்டு நாட்களில் அவர் அம்மலையின் உயரத்தைத் தாண்டி ஏறிவிடுவார். அடிமரத்தில் சாத்தி ஏற ஒரு முருக்குத்தடி, கால்களைப் பிணைக்கும் தளைநார், இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி, அதனுள் பாளை அரிவாளும் இடுக்கியும் சுண்ணாம்பும்: இவையே அவருடைய கருவிகள். மரத்தை அணைத்து அணைத்து அவருடைய மார்பில் தோல் காய்த்துத் தடித்துப் போயிருந்தது. சிறுவயதில் அவர் மடியில் சாய்ந்தபோதெல்லாம் அந்தச் சொரசொரப்பு எம் கன்னத்தில் உராயும்.

அவர் மரத்தின் உச்சியில் இருக்கும்போது கோயிலின் திரிகால மணி ஒலித்தால், அரிவாளைப் பெட்டியில் இட்டுவிட்டு, ஒரு கையால் மட்டையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் சிலுவை வரைந்து செபிப்பார். அவ்வேளையில் அந்தக் காட்டில் நின்று நோக்கினால், இங்கொருவரும் அங்கொருவருமாக மர உச்சிகளில் மனிதர்கள் அசைவற்று இருப்பதைக் காணலாம்.

பருவம் தொடங்கியதும் குடும்பம் முழுவதும் ஊரைவிட்டுப் பனங்காட்டிற்குக் குடிபெயரும். ஓலையால் வேய்ந்த ‘விடிலி’ என்னும் குடிசையே அப்போது வீடு. பாட்டனார் இறக்கிவரும் பதநீரைக் கருப்பட்டியாக்கும் பொறுப்பு எங்கள் ஆச்சியுடையது. வாய் அகன்ற பாத்திரத்தில் பதநீரை ஊற்றி, பனைமட்டையும் உடைமுள்ளும் இட்டு எரிப்பார்கள். பொங்கி வழிய முற்படும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் பொங்குதல் அடங்கும். பதநீர் சுண்டிக் கூப்பனியாகி, துடுப்பால் கிண்டக் கிண்ட இறுகிப் பதம் வந்ததும், வரிசையாக அடுக்கி வைத்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். சித்திரை வெயிலில் அந்த அடுப்பின் முன் நிற்பது மரம் ஏறுவதைவிட எளிதன்று. ‘நான் காற்றோட்டத்தில் நிற்கிறேன், அவள் தீயின் முன் நிற்கிறாள்’ என்று பாட்டனாரே கூறுவார். இரவு உணவில் முதற் பங்கை ஆச்சிக்கு எடுத்துவைத்துவிட்டே தாம் உண்ண அமர்வார்.

அக்குடும்பம் பெரியது. பாட்டனாருக்குத் தமையனார் ஒருவர் இருந்தார். ஒருநாள் அதிகாலைத் தூறலில் நனைந்து வழுக்கிய மரத்திலிருந்து தவறி விழுந்து அவர் இறந்துபோனார். பனங்காட்டில் இத்தகைய சாவுகள் அரியவை அல்ல. அவர் விட்டுச்சென்ற இரண்டு பிள்ளைகளையும் பாட்டனார் தம் ஐந்து பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். அடக்கம் முடிந்த மறுநாளே அவர் மரம் ஏறினார் என்று ஆச்சி கூறக் கேட்டிருக்கிறோம். அவர் துயரமற்றவர் என்று யாரும் கருத வேண்டாம். பாளை காத்திராது, ஏழு பிள்ளைகளின் பசியும் காத்திராது.

பாளையை நாள்தோறும் சீவ வேண்டும் என்ற கட்டாயம் ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு. கடன் திருநாளில் வேலை செய்யலாகாது என்பது திருச்சபையின் கட்டளை. ஒரு நாள் ஓய்ந்தால் மரம் ஓய்ந்துவிடும் என்பது பனையின் கட்டளை. இவ்விரண்டிற்கும் இடையே தவித்த பாட்டனார் தம் இளமையில் அப்போதைய பங்குத் தந்தையிடம் சென்று மனம்விட்டுப் பேசினார். அக்குருவானவர் மக்களின் பாட்டை அறிந்தவர். ‘பாளையைச் சீவிக் காப்பது வேலையன்று, காவல், ஆனால் அன்று இறங்குவதில் ஒரு பங்கு இல்லாதவர்க்கு’ என்று வழி கூறினார். அன்று முதல் ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கே விழித்து, நிலவொளியிலும் விண்மீன் ஒளியிலும் மரம் ஏறி முடித்து, குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, முதற்பூசைக்கு வந்து நிற்பார். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு பானைப் பதநீர் இருக்கும். விதவைகளும், முதியோரும், வழிப்போக்கரும் பட்டை பிடித்து அருந்திச் செல்வர்.

தவக்காலமும் பதநீர்க் காலமும் எங்கள் ஊரில் ஒன்றாகவே வரும். குருத்தோலை ஞாயிறுக்கு வேண்டிய ஓலைகளைப் பாட்டனாரும் அவருடைய தோழர்களும் இலவசமாகவே வெட்டித் தருவார்கள். எந்த மரத்தில் எவ்வளவு குருத்து எடுக்கலாம் என்பதில் அவர் கண்டிப்பானவர். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்குமேல் எடுக்க விடமாட்டார். ‘ஆண்டவருக்கு ஓலை பிடிக்கிறோம் என்று மரத்தைக் கொல்லலாமா?’ என்பார். அந்த ஓலைகள் சிலுவையாக மடிக்கப்பட்டு ஓராண்டு வீடுகளில் இருக்கும். அடுத்த ஆண்டு அவையே எரிக்கப்பட்டுச் சாம்பற் புதனன்று நம் நெற்றிக்கு வரும். இவ்வாறு எங்கள் பகுதியில் தவக்காலத்தின் முதல் நாளும் கடைசி வாரமும் பனையால் இணைக்கப்பட்டிருந்தன. பெரிய வெள்ளியன்று திருச்சிலுவை ஆராதனை முடிந்தபின் ஊரார் அனைவருக்கும் கஞ்சி வார்ப்பார்கள். அக்கஞ்சிக்குக் கருப்பட்டி கொடுப்பதைப் பாட்டனார் தம் உரிமையாகவே கொண்டிருந்தார்.

இனி அந்தச் சுண்ணாம்பைப் பற்றிக் கூறுவோம். 1971ஆம் ஆண்டில் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவை மூடப்பட்டு, 1974ஆம் ஆண்டில் மதுவிலக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் கள்ளுக்குக் கிடைத்த விலைக்குக் கருப்பட்டி ஈடுகொடுக்க முடியவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் போதும். அடுப்பு எரிக்க வேண்டியதில்லை, விறகு தேட வேண்டியதில்லை, ஆச்சி தீயின் முன் வாட வேண்டியதும் இல்லை. குத்தகைக்காரர் ஒருவர் விடிலிக்கே வந்து முன்பணத்தை நீட்டினார். பாட்டனாருக்கோ கருப்பட்டி வியாபாரியிடம் பழைய கடன் இருந்தது. மூத்த மகளாகிய எங்கள் அத்தைக்குத் திருமணம் பேசி முடித்திருந்த நேரம் அது.

‘சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு நமக்கு மட்டும் என்ன?’ என்று ஆச்சி கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டனார் அன்றிரவு செபமாலை முடியும்வரை பதில் கூறவில்லை. பின்னர், ‘பிறர் செய்வதை நான் குறை சொல்லவில்லை. அவரவர் வீட்டுப் பாடு அவரவர்க்கு. ஆனால், இந்தக் கலயத்தில் ஊறுவதைக் குடித்துவிட்டு ஒருவன் தன் பிள்ளைகளைப் பட்டினி போட்டால், அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு மர உச்சியில் தெரியும். எனக்குக் கை நடுங்கும். கை நடுங்கினால் நான் விழுந்துவிடுவேன்’ என்றார். அதற்குமேல் அவ்வீட்டில் அப்பேச்சு எழவில்லை.

இத்தகைய முடிவுகளைப் புகழ்வது எளிது. அவற்றின் விலையைச் செலுத்துவது கடினம். அத்தையின் திருமணம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தது ஆண்டவரின் இரக்கமே. அத்தை அப்போது கலங்கினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. பாட்டனார் அதனை மறக்கவே இல்லை. திருமணம் முடிந்தபின், ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்புத் திருநாள் முடிந்த மறுநாள், அந்தப் பருவத்தின் முதற் சிப்பம் கருப்பட்டியைத் தாமே தலையில் சுமந்து அத்தையின் ஊருக்கு நடந்து செல்வார். அவர் அதற்கு விளக்கம் எதுவும் கூறியதில்லை, அத்தையும் கேட்டதில்லை. ‘ஐயா சிப்பத்தை இறக்கி வைத்ததும் என் தலையில் கை வைப்பார், அது போதும்’ என்று அத்தை பிற்காலத்தில் எம்மிடம் கூறினார்.

பருவம் முடிந்த மாதங்களில் பாட்டனார் பேரப்பிள்ளைகளைத் தேரிக்குள் அழைத்துச் செல்வார். பள்ளிக்கூடம் கற்பிக்காத பலவற்றை நாங்கள் அங்கே கற்றோம். விடிவெள்ளியையும் ஆறாமீனையும் கொண்டு இரவில் நேரம் அறிவது, கொண்டல் காற்றின் ஈரத்தைக் கொண்டு மழையை முன்னறிவது, மணலில் பதிந்த தடத்தைக் கண்டு கீரியா உடும்பா என்று சொல்வது ஆகியவற்றையெல்லாம் அவர் விளையாட்டாகவே கற்பித்தார். பனை மட்டைகளுக்கிடையே கூடு கட்டும் உழவாரக் குருவியையும், ஓலை நுனியில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டையும், இரவில் கலயத்தில் வாய் வைக்கும் மரநாயையும் காட்டுவார். மரநாய்மீது அவருக்குக் கோபம் வந்து யாம் கண்டதில்லை. ‘அதுவும் நம்மைப் போல இரவில் மரம் ஏறிப் பிழைக்கிறது’ என்பார். அணில் கடித்துப் போட்ட நுங்கையும், மண்ணில் புதைந்து முளைவிட்ட கிழங்கையும் எங்களுக்கு எடுத்துத் தருமுன் ஒரு கணம் சிலுவை வரைவார். உழைக்காமல் கிடைப்பது எதுவாயினும் நன்றி இரட்டிப்பாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

தம் பிள்ளைகளுள் எவரும் மரம் ஏறக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ‘இந்தத் தளைநார் என்னோடு முடியட்டும்’ என்று கூறி, தமையனாரின் பிள்ளைகள் உட்பட ஏழு பேரையும் பங்குப் பள்ளிக்கு அனுப்பினார். ஒருவர் ஆசிரியரானார், ஒருவர் மும்பையில் பலசரக்குக் கடை வைத்தார், ஒரு மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அவர் விரும்பியபடியே தளைநார் அவரோடு முடிந்தது.

ஆனால் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஏற முடியாத முதுமை வந்தபின், எண்பதுகளின் தொடக்கத்தில், அவர் பனங்கொட்டைகளைச் சேர்த்து நடத் தொடங்கினார். ஆவணி, புரட்டாசியில் உதிரும் பழங்களின் கொட்டைகளைக் கடகத்தில் சுமந்து சென்று, ஐப்பசி மழைக்கு முன் குளக்கரையிலும், கல்லறைத் தோட்டத்தின் வேலியோரத்திலும் புதைப்பார். ஆறு மழைக்காலங்கள் இவ்வாறு செய்தார். வடலி வளர்த்துக் கள் குடிக்க முடியுமா என்பது நம் நாட்டுப் பழமொழி. பனை பாளை விட 12 முதல் 15 ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேலாகும். எழுபது வயதைக் கடந்தவர் பனை நடுவதைக் கண்டு ஊரார் நகைத்தனர். எமக்கு ஏற்பட்ட ஐயம் வேறு. ‘தாத்தா, எங்களை ஏறக்கூடாது என்கிறீர்கள். பிறகு யாருக்காக நடுகிறீர்கள்?’ என்று ஒருநாள் கேட்டோம்.

அவர் மண்ணை மூடி, காலால் மிதித்து, பிறகே பேசினார். ‘மரம் ஏறுகிறவனுக்கு மட்டுமா மரம்? கரை நிற்க வேண்டாமா? குருவி எங்கே போகும்? குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வேண்டாமா? நான் ஏறிய மரம் எதையும் நான் நடவில்லை, மக்களே. யாரோ நட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கடனை அடைக்கிறேன்’ என்றார்.

அவர் இறைவனடி சேர்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டு அவ்வழியே சென்றபோது அம்மரங்களைக் கண்டோம். குளக்கரையில் அவை நெடிதுயர்ந்து நிற்கின்றன. மழைக்காலத்தில் அக்கரை உடைவதில்லை என்று ஊரார் கூறினர். ஆனால் அவற்றில் ஏறிப் பாளை சீவ எங்கள் ஊரில் ஆள் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வரும் நடுத்தர வயதினர் ஒருவர் மட்டும் சில மரங்களில் கலயம் கட்டுகிறார். தம் மகனுக்கு இத்தொழிலில் நாட்டமில்லை என்றார். அம்மகனைக் குறைகூற யார்க்கு உரிமை உண்டு? எம் பாட்டனாரே அதைத்தானே விரும்பினார்!

ஆயினும் ஏறாத மரம் பயனற்ற மரம் என்று கருதி வெட்டிச் செங்கற் சூளைக்கு அனுப்பியவர் பலர். இவ்விழப்பை உணர்ந்தே, பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அருகிலுள்ள குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பனை உச்சியிலிருந்து விண்மீன்களைப் பார்த்து நேரம் அறிந்த மக்களின் மண்ணிலிருந்து விண்கலங்கள் புறப்படப் போகின்றன. காலம் மாறுவது இயல்பு. மாற்றத்தினூடே எதைக் காக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

அன்பார்ந்த குடும்பங்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய பாட்டனார் ஒருவர் இருந்திருப்பார். அவர் பனை ஏறியிருக்கலாம், கட்டுமரம் ஏறியிருக்கலாம், ஏர் பிடித்திருக்கலாம். அவருடைய தொழிலை நம் பிள்ளைகள் தொடர வேண்டுமென்பது இல்லை. ஆனால் அவருடைய உழைப்பின் கதையை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். கருப்பட்டி வாங்கும்போது, சீனிப்பாகு கலந்த மலிவுச் சரக்கை விடுத்து, மெய்யான கருப்பட்டிக்குரிய விலையை மனமுவந்து கொடுப்போம். அது இன்றும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறும் சிலருக்கு நாம் செலுத்தும் நியாயமான கூலி.

மேலும் ஒன்று. நவம்பர் 2ஆம் நாள் சகல ஆன்மாக்களின் நினைவுநாளில் கல்லறைகளுக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் கொண்டு செல்கிறோம். அது மழைக்காலம்; மண் நெகிழ்ந்திருக்கும். அவற்றோடு ஒரு பனங்கொட்டையையும் கொண்டு செல்வோம். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலோ, ஊர்க் குளக்கரையிலோ ஒரு சாண் குழி தோண்டி, நம் முன்னோரின் பெயர் சொல்லி, பிள்ளைகளின் கையால் அதைப் புதைக்கச் செய்வோம். அதன் பயனை நாம் காணாது போகலாம். முகமறியாத ஒருவர் என்றோ ஒரு குருத்தோலை ஞாயிறன்று அம்மரத்தின் ஓலையைக் கையில் ஏந்தி நிற்பார். அது போதும்.